விற்பனை உதவியாளர் வேலை: நேர்காணலுக்குத் தயாராவது எப்படி?

எஸ்.பி.எம். எழுதி முடித்த கையோடு நம் மாணவர்களில் பலர் முதலில் தேடுவது கடை வேலையைத்தான். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் உள்ள துணிக்கடை, வீட்டுக்குப் பக்கத்துப் பேரங்காடி, காலணிக் கடை என்று 'ஆள் தேவை' அட்டையைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் முன் அனுபவம் கேட்பதில்லை. பத்து நிமிட நேர்காணலோடு முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் கோட்டை விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

குணத்தை விட்டுச் சம்பவத்தைச் சொல்லுங்கள்

"உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்றதும், "நான் நேர்மையானவன், கடுமையாக உழைப்பேன், நேரம் தவற மாட்டேன்" என்று கட்டுரை ஒப்பிப்பதுபோல் சொல்கிறோம். அன்று வந்த பத்துப் பேரும் இதையே சொல்லியிருப்பார்கள். யாரை எடுப்பது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இதே நேர்மையை வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்:

"பள்ளி விற்பனை நாள்ல நான் காசு வாங்குற இடத்துல இருந்தேன் சார். கடைசியில எண்ணிப் பார்த்தா பத்து ரிங்கிட் குறைஞ்சது. உடனே ஆசிரியர்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் கூப்பனை எல்லாம் எடுத்து வச்சு மறுபடியும் சரிபார்த்தோம்."

'நேர்மை' என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் கல்லாவில் இவரை நம்பி உட்கார வைக்கலாம் என்று முதலாளிக்குப் புரிந்துவிடும். ஒவ்வொருவரிடமும் இப்படி இரண்டு மூன்று சம்பவங்கள் இருக்கும். விளையாட்டு இல்லம், சாரணர் முகாம், கோயில் அன்னதானம், அம்மாவின் பலகாரக் கடை என்று யோசித்துப் பாருங்கள். உண்மையில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இட்டுக்கட்டினால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முன்கூட்டியே கடையைப் பாருங்கள்

நேர்காணலுக்கு முதல்நாள் வாடிக்கையாளராக அந்தக் கடைக்குள் ஒருமுறை போய் வாருங்கள். என்ன பொருள் முன்னால் அடுக்கியிருக்கிறது, விலை எந்த அளவில் இருக்கிறது, ஊழியர்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். "ஏன் இந்தக் கடைக்கு வந்த?" என்ற கேள்விக்கான பதில் அங்கேயே கிடைக்கும்.

அதிகம் வரும் மூன்று கேள்விகள்

1. "வாடிக்கையாளர் கோபமா கத்தினா என்ன செய்வ?"
'பொறுமையாக இருப்பேன்' என்பது மட்டும் போதாது. என்ன செய்வீர்கள் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள்: முதலில் அவர் சொல்வதை முழுவதும் கேட்பேன், ரசீதைப் பார்ப்பேன், நானாக "மாத்தித் தர்றோம்" என்று வாக்குக் கொடுக்காமல் மேற்பார்வையாளரை அழைப்பேன். புதியவர் அவசரப்பட்டுக் கொடுக்கும் வாக்கு கடைக்கு நட்டத்தில் முடியலாம்.

2. "ஒரே நேரத்துல மூணு பேர் வந்தா?"
இங்கே நம் மொழிகள் கைகொடுக்கும். கையில் இருப்பவரைக் கவனித்துக்கொண்டே, மலாய்க்காரப் பெண்மணியிடம் "துங்கு செக்கெஜாப் யா, காக்" என்றும், நம்மவரிடம் "ஒரு நிமிஷம் ஆன்ட்டி, இதோ வரேன்" என்றும் சொல்வேன் என்று பேசிக் காட்டுங்கள். மூன்று மொழி தெரியும் என்று பாரத்தில் எழுதுவதைவிட இது நன்றாக மனத்தில் பதியும்.

3. "எவ்வளவு நாள் இருப்ப?"
மேற்படிப்புக்குப் போகப்போவதை மறைத்து "எப்பவும் இருப்பேன்" என்று சொல்லாதீர்கள். "தேர்வு முடிவு வரும் வரைக்கும் கண்டிப்பா இருப்பேன். படிக்கப் போறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுவேன்" என்பது நாணயமான பதில். பண்டிகைக் காலத்தில் வேலை செய்ய முடியுமா என்பதையும் வீட்டில் பேசிவிட்டுப் போங்கள்.

நீங்களும் கேளுங்கள்

சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் வேலை கிடைக்காதோ என்று பயந்து, வாய் திறக்காமல் வந்துவிடக் கூடாது. வேலை தருவதாகச் சொன்னதும், "சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள் எப்படின்னு தெரிஞ்சுக்கலாமா சார்?" என்று பணிவாகக் கேளுங்கள். அதற்கு முன் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை:

- குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர் உள்ள கடைகளுக்கும் 2025 ஆகஸ்டு 1 முதல் இது நடப்பில் உள்ளது. மணிக்கணக்கில் என்றால் 8.72 ரிங்கிட்.
- 2023 முதல் வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு.
- ஊழியர் சேமநிதிக்கு உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிப்பார்கள். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு கட்ட வேண்டும். சொக்சோவும் உண்டா என்று கேளுங்கள்.

சம்பளத்தையும் வேலை நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஆசிரியர்களுக்கு

மாணவர்களை மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் முதலாளி, ஒருவர் வேலை கேட்பவர், மூன்றாமவர் கவனிப்பவர். கவனிப்பவர் ஒன்றை மட்டும் குறிக்கட்டும்: பதிலில் சம்பவம் வந்ததா, குணப் பெயர் மட்டும்தான் வந்ததா? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள். வாய்மொழித் தேர்வுக்கும் இது நல்ல பயிற்சி. அங்கேயும் கருத்துக்குச் சான்று கேட்கிறோம் இல்லையா?