விறகுக்கு உபயம் உண்டா?

கோயில் அன்னதானக் கூடத்துக்குப் போனால் அண்டாவின் விளிம்பைப் பாருங்கள். 'உபயம்' என்று தொடங்கி ஊர், பேர், தகப்பனார் பேர் வரை வெட்டியிருக்கும். கரண்டியில்கூட இருக்கும். ட்யூப்லைட்டில் எழுதிய பெயர் பாதி வெளிச்சத்தை மறைக்கும். அடுப்பில் எரிகிற விறகில் மட்டும் யாரும் பெயர் வெட்டுவதில்லை. அண்டா வாங்கித் தர பத்துப் பேர் முன்வருவார்கள். மாதாமாதம் விறகுக் காசு யார் தருவது என்பதில்தான் பந்தி நடப்பதும் நிற்பதும். வெளிநாட்டு நன்கொடையில் ஓடும் ஓர் ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளியையும் இதே சமையற்கட்டாக வைத்துப் பார்த்தால் அதன் வரவும் செலவும் புரியும்.

உகாண்டாவின் தென்மேற்கில், கானுங்கு மாவட்டத்தில் நியாகாகியேசி என்றொரு கிராமம். அங்கே பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் ட்வெசிக்யே ஜாக்சன் காகுரி. அவருடைய சகோதரரும் சகோதரியும் எய்ட்ஸில் போய்விட்டார்கள். ஊருக்கு வந்தபோது, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைப் பாட்டிமார் வைத்துத் திண்டாடுவதைப் பார்த்தார். வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்திருந்த 5,000 டாலரைப் போட்டு 2001இல் வேலையைத் தொடங்க, 2003 ஜனவரியில் நியாகா பள்ளி திறந்தது. கட்டணம் கிடையாது. சீருடை, புத்தகம், சாப்பாடு, வைத்தியம் எல்லாம் பள்ளியின் பொறுப்பு.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உகாண்டா 1997இலேயே கட்டணத்தை எடுத்துவிட்டதே, பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். கட்டணம்தான் போனது. சீருடையும் மதியச் சாப்பாடும் வீட்டார் பாடு. 2008ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே சாப்பாட்டைப் பெற்றோர் பொறுப்பு என்கிறது. பெற்றோரே இல்லாத வீட்டில் அது பாட்டியின் தலையில் விழும்.

இனி சமையற்கட்டுக்குள் போவோம். வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே ஸ்டோர் ரூம் சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கும். இங்கேயும் அப்படி இரண்டு அமைப்புகள். அமெரிக்கர் ஒருவர் உகாண்டாப் பள்ளிக்கு நேராகப் பணம் அனுப்பலாம், ஆனால் அதை வருமான வரியில் கழிக்க முடியாது. 501(சி)(3) பிரிவில் பதிவான உள்நாட்டு அமைப்பிடம் கொடுத்தால்தான் சலுகை. அந்த அமைப்பும் பணத்தை வாங்கி அப்படியே கைமாற்றிவிட முடியாது. எதற்குச் செலவாகிறது என்ற முடிவும் கண்காணிப்பும் தன்னிடம் இருப்பதைக் காட்டியாக வேண்டும். ஆண்டுதோறும் படிவம் 990இல் கணக்குக் கொடுக்கிறது. அதை யாரும் கேட்டுப் பார்க்கலாம். உகாண்டாப் பக்கம் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி தொண்டு நிறுவனமாகப் பதிவு, அதோடு மாவட்ட நிர்வாகத்துடன் ஒப்பந்தம். ரசீது போடுபவரும் சாவிக்காரரும் ஒத்துப்போகாவிட்டால் அரிசி வாசலிலேயே கிடக்கும்.

ஸ்டோர் ரூமில் இரண்டு அலமாரி. ஒன்றில், கொடுத்தவர் 'இதற்குத்தான்' என்று சொல்லிக் கொடுத்தது. நூலகத்துக்கு என்று வந்த பணத்தில் பீன்ஸ் வாங்கக் கூடாது, பீன்ஸ் மூட்டை காலியாகிக் கிடந்தாலும் கூடாது. மற்ற அலமாரியில் எதற்கும் எடுக்கலாம் என்று வந்த பணம். ஆசிரியர் சம்பளம், சமையல்காரர் கூலி, விறகு, சோப்பு, கணக்கெழுதுபவர் எல்லாம் இதிலிருந்துதான். முதல் அலமாரி நிரம்பி வழிய, இரண்டாவதைத் துடைத்து எடுக்கிற நிலைமை தொண்டு நிறுவனங்களில் சர்வசாதாரணம். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு. மூன்றாம் வகுப்பு டீச்சரின் மார்ச் மாதச் சம்பளத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாதே.

'ஒரு குழந்தையைத் தத்தெடுங்கள்' திட்டங்கள் இதற்கு வழி கண்டுபிடித்தன. போட்டோவும் கடிதமும் ஒரு குழந்தையுடையவை. பணமோ பெரும்பாலும் பொது அண்டாவுக்குப் போகிறது. இதை ஏமாற்று என்று சிலர் கோபிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால். பந்தியில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி உலை வைப்பது யாரால் ஆகும்?

உலை என்றதும் அடுப்பையே பார்த்துவிடலாம். உகாண்டாப் பள்ளிகளில் மதியத்துக்குப் பரவலாகப் போஷோவும் பீன்ஸும். கொதிக்கும் தண்ணீரில் வெள்ளை மக்காச்சோள மாவைக் கொட்டி, ஆளுயரத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டுவார்கள். பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வந்தால் பதம். பீன்ஸ்தான் விறகைத் தின்னும். அறுவடையான கையோடு வாங்கினால் விலையும் மலிவு, சீக்கிரமும் வேகும். மாதக்கணக்கில் கிடந்த பீன்ஸ் ஊறவைத்தாலும் அடம்பிடிக்கும், வண்டும் விழும்.

அந்தப் பக்கம் மழை வருடத்துக்கு இரண்டு முறை; பீன்ஸ் அறுவடை ஜூன், ஜூலை வாக்கில் ஒன்று, டிசம்பர், ஜனவரி வாக்கில் இன்னொன்று. அமெரிக்க நன்கொடையோ வரி ஆண்டு முடியும் டிசம்பரில் குவியும். வருடத் தொடக்கத்து அறுவடைக்குக் கையில் காசு இருக்கும். ஜூன் அறுவடைக்கு? கையிருப்பு இல்லாத பள்ளி மலிவான வேளையில் சும்மா இருந்துவிட்டு, விலை ஏறிய பிறகு சில்லறையாக வாங்கும். மாதந்தோறும் வரும் சின்னத் தொகை வருடக்கடைசிப் பெரிய காசோலையைவிட மேல் என்று நிர்வாகிகள் மன்றாடுவதற்குக் காரணம் இந்த மூட்டைகள்தான்.

பள்ளியில் வயிறு நிறைந்த பிள்ளை மாலையில் ஒழுகும் குடிசைக்குத் திரும்பினால் மறுநாள் வருகைப் பதிவேட்டில் அது தெரியும். பாட்டிகளையும் சேர்த்துக்கொள்ளாமல் நியாகாவால் முடியவில்லை. கனடாவில் ஸ்டீபன் லூயிஸ் 2003இல் தொடங்கிய அறக்கட்டளை கூட்டாளியானது இதில்தான். அவர் ஆப்பிரிக்காவின் எச்ஐவி, எய்ட்ஸ் விவகாரங்களுக்கான ஐ.நா. சிறப்புத் தூதராக இருந்தவர். 2006இல் அந்த அறக்கட்டளை தொடங்கிய இயக்கத்தில், கனடாப் பாட்டிகள் குழுக்களாகக் கூடி ஆப்பிரிக்கப் பாட்டிகளுக்காக நிதி திரட்டுகிறார்கள்.

நியாகா கிராமங்களில் பாட்டிகள் குழுக்கள் உண்டு. வீடு, புகையில்லாச் சமையலறை, கழிப்பறை இவை யாருக்கு முதலில் என்பதைக் குழுவே முடிவு செய்கிறது. எந்த வீட்டுக் கூரை உண்மையிலேயே ஒழுகுகிறது, எவருக்கு நகரத்து மகன் பணம் அனுப்புகிறான் என்பது டொரண்டோவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். பணம் கொடுத்தவர் அடுப்பங்கரையில் நின்று உப்பு பார்க்காமல் இருப்பதுதான் நல்ல கூட்டணிக்கு அடையாளம். மெனுவை மாஸ்டர் முடிவு செய்யட்டும்.

கணக்குக் கேட்பதில் தப்பில்லை, கேட்கத்தான் வேண்டும். மானியமே தவணையாகத்தான் வரும்: முதல் தவணைக்கு அறிக்கை போனால்தான் அடுத்தது. ஆனால் 'நூற்றுக்கு நூறு பிள்ளைகளுக்கே' என்று விளம்பரம் செய்யும் அமைப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ரசீது எழுதுபவருக்கும் தணிக்கையாளருக்கும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று சொல்லிவிட்டால் போதும்.

சிக்கல், கூட்டாளி விலகும்போது. குறித்த சில ஆண்டுகளுக்கு என்று வந்த மானியம் முடியும். பள்ளித் தோட்டம் காய்கறி தரும், சம்பளம் தராது. உகாண்டாவில் இதற்கு ஒரு வழி, பள்ளியை அரசு உதவி பெறும் பள்ளியாக மாற்றக் கேட்பது. கிடைத்தால் ஆசிரியர்கள் அரசுச் சம்பளப் பட்டியலில் ஏறுவார்கள். கூடவே, யாரை நியமிப்பது, யாரை மாற்றுவது என்பதும் மாவட்டத்தின் கைக்குப் போகும். வருடக்கணக்காக ஆள் சேர்த்துப் பழக்கிய நிர்வாகத்துக்கு அந்தக் கையெழுத்தைப் போடுவது லேசில்லை.