பழந்தானுந்துப் பராமரிப்பு

பழந்தானுந்துப் பராமரிப்பு என்பது அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற உற்பத்தி நின்றுபோன கார்களை, மூல வடிவம் மாறாமல் ஓடும் நிலையில் பேணுதல் ஆகும். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 2015 இல் திறக்கப்பட்ட ஜி. டி. கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழைய கார்களைக் காணலாம்.

எரிபொருள்

பழைய எஞ்சின்கள் பல, ஈயம் கலந்த பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டவை. ஈயம் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்தது. இந்தியாவில் 2000 ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. எனவே எஞ்சினைப் பிரித்துச் சீரமைக்கும்போது கடினப்படுத்தப்பட்ட வால்வு இருக்கைகளைப் பொருத்துதல் நன்று. 2025 இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைச் சிதைக்கும். ஈரத்தை ஈர்த்துத் தொட்டியைத் துருப்பிடிக்கச் செய்யும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்துவதும், பெட்ரோலை நெடுநாள் தேக்கி வைக்காதிருப்பதும் இதற்குத் தீர்வாகும்.

பிரேக்கும் மின்னமைப்பும்

பிரேக் எண்ணெயும் ஈரத்தை ஈர்ப்பதால், அதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சில பழைய பிரித்தானியக் கார்களில் பேட்டரியின் நேர்முனையே உடற்கூட்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். இதனை அறியாமல் பொருத்தப்படும் புதிய மின்னணுக் கருவிகள் பழுதடையக்கூடும்.

சட்ட நிலை

2021 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 ஆண்டுகள் கடந்த, வணிகத்திற்குப் பயன்படுத்தப்படாத கார்கள் பழமை வாகனங்களாகப் பதிவு பெறலாம். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருந்தால் இத்தகுதி கிடைக்காது. ஆகவே மீண்டும் கழற்றக்கூடிய சிறு மேம்பாடுகளே ஏற்றவை. கழற்றிய மூலப் பாகங்களையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.