முப்பது வயதில் விடைபெற்ற பந்து வீச்சு மன்னர்

நம் நாட்டில் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்காவில் பேஸ்பால் அப்படி. அந்த ஆட்டத்தில் ஸாண்டி கோஃபாக்ஸ் என்ற இடது கை வீச்சாளரின் பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் அவர் ஆடியது பன்னிரண்டே பருவங்கள். அவற்றிலும் முதல் பாதி சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி எழுவதில்லை. சுமார் 60 அடி தூரத்திலிருந்து வீச்சாளர் நேராக எறிகிறார். மூன்று முறை தவறவிட்டால் மட்டையாளர் அவுட். இதற்கு 'ஸ்டிரைக் அவுட்' என்று பெயர். ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று பேரை வெளியேற்ற வேண்டும்.

வேகம் உண்டு, குறி இல்லை

கோஃபாக்ஸ் 1935-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1955-ல் டாட்ஜர்ஸ் அணியில் ஆடத் தொடங்கினார். கையில் அசுர வேகம். ஆனால் பந்து எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது. 1960 முடிய 36 வெற்றி, 40 தோல்வி.

1961 பயிற்சிக் காலத்தில், பந்து பிடிப்பவரான நார்ம் ஷெர்ரி, "வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்" என்று யோசனை சொன்னார். அது பலித்தது. அந்த ஆண்டே 18 வெற்றி, 269 ஸ்டிரைக் அவுட்!

சாதனை மேல் சாதனை

1962 முதல் 1965 வரை ஆண்டுக்கு ஒரு முறை, எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூடத் தராமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். நான்காவது முறை, 1965 செப்டம்பர் 9 அன்று, சிகாகோ கப்ஸ் அணியின் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். ஒருவர்கூட முதல் 'பேஸை' எட்டவில்லை. டாட்ஜர்ஸுக்கும் அன்று கிடைத்தது ஒரே ஹிட், வெற்றி 1-0.

1963 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் 15 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். யாங்கீஸ் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. 1965 பருவத்தில் அவர் எடுத்த 382 ஸ்டிரைக் அவுட், 1973-ல் நோலன் ரயன் 383 எடுக்கும்வரை நவீன கால சாதனையாக நின்றது.

1965 உலகத் தொடரின் முதல் நாள், யூதர்களின் புனித உபவாச நாளாக அமைந்தது. கோஃபாக்ஸ் பந்து வீச மறுத்துவிட்டார். அன்று அணி தோற்றது. அடுத்த ஆட்டத்தில் அவரும் தோற்றார். ஆனால் ஐந்தாவது ஆட்டத்தை வென்று, இரண்டே நாள் ஓய்வில் ஏழாவது ஆட்டத்திலும் வீசி, மினசோட்டாவை 2-0 என்று வென்று கோப்பையை வாங்கித் தந்தார்.

கூலிக்கு ஒரு கூட்டு

அக்காலத்தில் ஆட்டக்காரருக்கு வேறு கிளப்புக்குப் போகும் உரிமை கிடையாது. கிளப் கொடுப்பதுதான் சம்பளம். நிர்வாகம் தங்களில் ஒருவரைக் காட்டி மற்றவரின் சம்பளத்தைக் குறைக்கிறது என்பதை கோஃபாக்ஸும் சக வீச்சாளர் டான் டிரைஸ்டேலும் கண்டுகொண்டனர். 1966-ல் இருவரும் சேர்ந்தே பேரம் பேசுவது என்று முடிவு செய்து, 32 நாள் பயிற்சிக்குப் போகவில்லை. முடிவில் கோஃபாக்ஸுக்கு 1,25,000 டாலர், டிரைஸ்டேலுக்கு 1,10,000 டாலர். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் தனித்தனியாகக் கேட்டால் கிடைத்திராத தொகை. கிளப்பை மாற்றிக்கொள்ளும் உரிமை ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்க 1975 ஆகிவிட்டது.

வலியோடு வந்த வெற்றி

இத்தனை வெற்றிக்கும் விலை கொடுத்தது அந்த இடது முழங்கை. மூட்டு வாதம். ஊசி, மாத்திரை, மிளகாய்க் காரம் சேர்ந்த களிம்பு. ஆட்டம் முடிந்ததும் கையை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். இந்த நிலையிலும் 1966-ல் 27 வெற்றி பெற்றார். அதே நவம்பரில், 30 வயதில், ஓய்வை அறிவித்தார். ஆட்டத்துக்குப் பிறகும் வாழ வேண்டிய ஆண்டுகள் பல உண்டு, அவற்றை முழு உடலோடு வாழ விரும்புகிறேன் என்பதே அவர் சொன்ன காரணம்.

மொத்தம் 165 வெற்றி, 87 தோல்வி, 2,396 ஸ்டிரைக் அவுட். 1972-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானபோது வயது 36. அவ்வளவு இளம் வயதில் அங்கே இடம் பெற்றவர் வேறு எவரும் இல்லை. உச்சியில் இருக்கும்போதே இறங்கத் தெரிந்தவருக்குக் கிடைத்த கௌரவம் அது.