சூட்கேஸ் தூக்க எத்தனை பேர்?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறிவரும் வெளிநாட்டுப் பயணி, ஆளையே தள்ளும் காற்றில் நின்று படம் எடுக்கிறார். அவருடைய சூட்கேஸ் விடுதியில் பத்திரமாக இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அது பெல்ட்டில் வந்து விழுவதற்குள் எத்தனை கை மாறியது என்று அவர் யோசித்திருக்கமாட்டார். பெட்டி அரை மணி நேரம் பிந்தி வந்திருந்தால் யோசித்திருப்பார், அதுவும் திட்டுவதற்காக.

பெரிய விமானங்களில் பொதிகளைக் கொள்கலன்களில் அடைத்து இயந்திரத்தால் ஏற்றுவார்கள். போயிங் 737 போன்ற சிறியவற்றில் அந்த வசதி இல்லை. விமானத்தின் வயிற்றுக்குள் ஆள் நுழையவேண்டும். உள்ளே நிமிர முடியாது. மண்டியிட்டபடியே ஒவ்வொரு பெட்டியாக இழுத்து, திருப்பி, அடுக்கவேண்டும். முதுகும் முழங்காலும் தோளும் முதலில் கெடுவது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 150 பெட்டி, ஒவ்வொன்றும் 20 கிலோ என்றால் மொத்தம் 3,000 கிலோ. ஆறு பேர் தூக்கினால் ஆளுக்கு 500 கிலோ. மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் 1,000. இது ஒரே ஒரு விமானத்துக்கு.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2022 கோடையில் ஐரோப்பா பார்த்தது. கொவிட் காலத்தில் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட விமான நிலைய ஊழியர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். பயணிகள் திரும்பினார்கள், இவர்கள் திரும்பவில்லை. இலண்டன் ஹீத்ரோ, நாளொன்றுக்குப் புறப்படுவோர் ஒரு இலட்சத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. அங்கே தேங்கிய 1,000 பொதிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு, ஒரு பயணிகூட இல்லாமல், அமெரிக்காவின் டெல்டா நிறுவன விமானமொன்று டெட்ராய்ட்டுக்குப் பறந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஏப்ரல் 23 அன்று கேஎல்எம் விமான நிறுவனத்தின் பொதி ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதன்பின் அந்நகர விமான நிலையம் கோடை மாதங்களுக்கு மட்டும் மணிக்கு 5.25 யூரோ கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டது. பணம் இருந்தது, முன்னரே கொடுக்க மனம்தான் இல்லை என்றே தோன்றுகிறது.

மும்பையில் கதை நேர்மாறு. 2024 ஜூலையில் எயார் இந்தியா எயார்போர்ட் சர்வீசஸ் நிறுவனம் சுமார் 2,200 தரைப்பணி இடங்களுக்கு நேர்காணல் வைத்தபோது 25,000 பேர் வரை திரண்டு தள்ளுமுள்ளு ஆனது. சம்பளம் மாதம் 20,000 முதல் 25,000 இந்திய ரூபாய், அதுவும் ஒப்பந்த வேலை. வாசலில் இத்தனை பேர் நிற்கையில் யார் சம்பளத்தைக் கூட்டுவார்கள்?

கட்டுநாயக்கவில் எந்த நிறுவனத்தின் விமானம் இறங்கினாலும் பொதி ஏற்றி இறக்குவது உள்ளிட்ட தரைப்பணி ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் பொறுப்பு. 2021இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். மறுபக்கம், பொருளாதார நெருக்கடி ஆண்டான 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். வருகிறவர் பெட்டியும் போகிறவர் பெட்டியும் ஒரே கைகளுக்குத்தான் வருகின்றன.

விமானத்துறையில் ஒரு பெட்டிக்குப் பரவலாக உள்ள உச்ச வரம்பு 32 கிலோ. அடுத்தமுறை பெட்டி கட்டும்போது, டிக்கெட் அனுமதித்தால், முப்பது கிலோவை இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். முடியாவிட்டால், கனமானது என்று காட்டும் சீட்டை ஒட்டச் சொல்லிக் கவுண்டரில் கேளுங்கள்.