சாலை அமைப்பவர் யார்? கடன் சுமப்பவர் யார்?

சாலையும் இரயில் பாதையும் ஒரு நாட்டின் இரத்தக் குழாய்கள் என்பர். அவற்றை அமைக்கப் பணமும் பொறிகளும் போதாத நாடுகள் வெளிநாட்டு ஒப்பந்தக்காரரை அழைக்கின்றன. அப்படி அழைக்கும்போது அந்நாடு பெறுவது என்ன, கொடுப்பது என்ன? கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

கென்யாவின் துறைமுகம் மொம்பாசா, தலைநகர் நைரோபி. கடற்கரையே இல்லாத உகாண்டா நாட்டின் சரக்கும் பெரும்பகுதி மொம்பாசா வழியாகவே செல்கிறது. 1896 முதல் 1901 வரை ஆங்கிலேயர் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை மீட்டர் கேஜ் பாதை அமைத்தனர். அதற்காக இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் சுமார் 32,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். பாதைப் பணிக்காக எழுந்த கூடார முகாமே பின்னர் நைரோபி நகரமாக வளர்ந்தது.

ஒரு நூற்றாண்டு கடந்தபின் அப்பாதை தளர்ந்தது. புதிய பாதை அமைக்க வந்தது சீனச் சாலை பாலக் கழகம். 1979இல் தோன்றிய இது சீன அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களுள் ஒன்று. 2014இல் பணி தொடங்கி, 2017ஆம் ஆண்டு மே 31 அன்று மொம்பாசா–நைரோபி பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 470 கிலோமீட்டர். சாவோ வனவிலங்குக் காட்டின் ஊடே செல்லுமிடத்தில் யானைகள் கடந்து செல்லக் கரைகளுக்கு அடியில் வழிகள் விடப்பட்டன.

அந்த நாட்டில் சாலை போடுவதும் எளிதன்று. நைரோபியைச் சுற்றிப் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போன்ற மண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நேரடியாகச் சாலை போட்டால் சில ஆண்டுகளில் அலையலையாக நெளிந்துவிடும். எனவே அம்மண்ணை வெட்டி எடுத்து நல்ல மண் நிரப்ப வேண்டும். அல்லது சுண்ணாம்பு கலந்து இறுக்க வேண்டும். இத்திறமைக்கும் பெரும் பொறிகளுக்குமே வெளிநாட்டு நிறுவனம் விலை பெறுகிறது.

ஆனால் அந்த விலையை யார் கொடுப்பது? அதைத் தீர்மானிப்பது ஒப்பந்தத்தின் வகை. இங்கே இரு வகைகளைக் காணலாம்.

முதல் வகை, அரசு கடன் வாங்கிக் கட்டுவது. மொம்பாசா–நைரோபி இரயில் பாதையின் செலவில் 90 விழுக்காடு சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கி தந்த கடன். இரயில் நிறைந்து ஓடினாலும் காலியாக ஓடினாலும் கடன் தவணை காத்திராது. பாதைச் செலவுக்காக 2013இல் இறக்குமதிப் பொருள்கள் மீது 1.5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. இரயிலில் ஒருநாளும் ஏறாதவரும் கடையில் பொருள் வாங்கும்போது இரயிலுக்குப் பணம் கட்டினர். பாதைக்குச் சரக்குச் சேர்க்க, லாரிகளை விட்டு இரயிலிலேயே அனுப்ப வேண்டும் என அரசு 2019இல் ஆணையிட்டது. மொம்பாசா லாரித் தொழிலாளர் தெருவில் இறங்கிப் போராடினர். 2022இல் வந்த புதிய அரசு அவ்வாணையைக் கைவிட்டது.

இரண்டாம் வகை, ஒப்பந்தக்காரரே முதலீடு செய்து, கட்டி, நடத்தி, குறித்த காலத்திற்குப் பின் ஒப்படைப்பது. 2022இல் திறக்கப்பட்ட நைரோபி விரைவுச்சாலை இவ்வகை. 27 கிலோமீட்டர் நீளமுள்ள இதனையும் அதே கழகமே கட்டியது. தன் துணை நிறுவனத்தின் வழியாக 27 ஆண்டுகள் சுங்கம் வசூலித்துக்கொள்ளும். செல்பவர் மட்டுமே கட்டணம் செலுத்துவதால் இது நியாயமாகத் தோன்றும். ஆயினும் முதலீடு டாலரில். வசூல் கென்ய ஷில்லிங்கில். ஷில்லிங்கின் மதிப்புச் சரிந்தபோது 2024இன் தொடக்கத்தில் கட்டணம் ஏறியது. வசதியுள்ளவர் மேலே பறக்க, ஏனையோர் கீழே பழைய நெரிசலில் நிற்கின்றனர்.

இரண்டிலும் பொதுவான குறை ஒன்றுண்டு. மக்கள் ஒப்பந்தத்தைப் படிக்க முடியவில்லை. இரயில் பாதைப் பணியைப் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமல் அளித்தது சரியா என்று வழக்குகள் நடந்தன. கடன் ஆவணங்கள் சில வெளியானது 2022 நவம்பரில்தான். இரயில் ஓடத் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குப் பின். பிணக்கு எழுந்தால் சீனாவில், சீனச் சட்டப்படி தீர்க்கப்படும் என்பது அவற்றில் இருந்தது.

இதனால் வெளிநாட்டு ஒப்பந்தக்காரரே வேண்டாம் என்பது பொருளன்று. பாதை நன்றாகவே கட்டப்பட்டது. மொம்பாசா–நைரோபிப் பயண நேரம் பெரிதும் குறைந்தது. பணியை முடிப்பதே ஒப்பந்தக்காரரின் கடமை. அப்பணி தேவையா, அதன் விலை தகுமா என்று கேட்பது நாட்டாரின் கடமை. முன்னதை விலைக்கு வாங்கலாம். பின்னதை வாங்க இயலாது.

நாளை நம்மில் சிலர் அரசு அலுவலகங்களில் அமர்ந்து இத்தகைய கோப்புகளைப் புரட்ட நேரலாம். அப்போது நீளத்தையும் அகலத்தையும் மட்டும் பார்த்துக் கையொப்பமிடாமல், மூன்று கேள்விகள் கேட்போம்: பணம் யாருடையது? நட்டம் வந்தால் யாருடையது? பிணக்கு வந்தால் தீர்ப்பு யாருடையது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் போடும் சாலையே நாட்டை முன்னே கொண்டு செல்லும்.