குழப்படிக்குப் பின்னால் ஒரு பசி

முக்கியமான விருந்தாளிகள் வீட்டுக்கு வருகின்ற நாளில்தான் பிள்ளைகளின் குழப்படியும் உச்சத்துக்கு ஏறும். மற்ற நாட்களில் முற்றத்து மூலையில் மண் அளைந்து விளையாடும் பிள்ளை, அன்றைக்கென்று பலகாரத் தட்டில் கை வைக்கும். தேநீர்க் கோப்பையைத் தட்டி ஊற்றும். வெளியில் சொல்லக்கூடாத வீட்டு விடயத்தைச் சபையில் போட்டுடைக்கும். விருந்தாளிகள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் தாய், படலை சாத்தப்பட்டதும் பூவரசங்கம்பைத் தேடுவாள்.

இதே காட்சியைத் தொலைக்காட்சியில் கார்ட்டூன் படமாகப் பார்க்கும்போது நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். பெரியவர்களின் பெரிய விருந்தொன்றைச் சின்னஞ்சிறுசுகள் குழப்புவது கார்ட்டூன் நகைச்சுவையில் மிகப் பழைய சங்கதி. திரையில் சிரிப்பை வரவழைக்கும் அதே காரியம் எமது வீட்டில் ஏன் கோபத்தை வரவழைக்கிறது? மாதர் சங்கக் கூட்டங்களில் தாய்மாரோடு பேசும் வேளைகளில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி எழுவதுண்டு. அதற்கு விடை தேட, எமது பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான ஒரு பூனையையும் எலியையும் துணைக்கு அழைக்கிறேன்.

சின்ன அநாதையின் கதை

‘ரொம் அன்ட் ஜெரி’ கார்ட்டூன்களை அறியாத பிள்ளைகள் குறைவு. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்ற இரு அமெரிக்கக் கலைஞர்கள் 1940 இல் தொடங்கிய படவரிசை இது. இதில் பேச்சு மிகக் குறைவு. இசையும் அசைவும்தான் கதையைச் சொல்லும். அதனால்தான் எந்த மொழி பேசும் பிள்ளையும் இதனை விளங்கிக்கொள்கிறது. இந்த வரிசையின் ஏழு படங்கள் ஒஸ்கார் விருது பெற்றிருக்கின்றன. அவற்றில் ஒன்று 1949 இல் வெளிவந்த ‘த லிட்டில் ஓர்பன்’, அதாவது ‘சின்ன அநாதை’. 1948 ஆம் ஆண்டுக்கான விருதை அது பெற்றது.

படம் ஏழெட்டு நிமிடங்களே ஓடும். ஜெரி எலியின் வளை வாசலில் யாரோ தட்டுகிறார்கள். கதவைத் திறந்தால், இடுப்பில் துணி கட்டிய ஓர் எலிக்குஞ்சு நிற்கிறது. அநாதை எலிகளுக்கான இல்லம் ஒன்றிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளை அது. பெயர் நிபிள்ஸ். கூடவே ஒரு கடிதமும் வந்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு எப்போதும் பசி என்று அதில் எழுதியிருக்கிறது.

ஜெரி தன் அலுமாரியைத் திறந்து பார்க்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் பூனையின் கிண்ணத்தில் பால் இருக்கிறது. அதில் கொஞ்சம் கொடுக்கலாம் என்று குஞ்சைக் கூட்டிப் போகிறது. பிறகுதான் பெரிய மேசையைக் காண்கிறார்கள். மனிதர்களுக்கென்று பரப்பி வைத்த நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து அது. நடுவில் பொரித்த வான்கோழி, சுற்றிவரப் பழங்கள், இனிப்புகள், மெழுகுதிரிகள்.

நிபிள்ஸுக்கு விருந்தென்றும் தெரியாது, மரியாதையென்றும் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் தின்கிறது. முழுத் தோடம்பழம் ஒன்றை அப்படியே விழுங்கி, தானும் தோடம்பழம் போல் உருண்டையாகிவிடுகிறது. ஜெரி தட்டி அதனை வெளியே எடுக்க, பழம் பறந்து சென்று தூங்கும் பூனையை எழுப்புகிறது. பிறகென்ன, கரண்டியும் கத்தியும் மெழுகுதிரியும் ஆயுதங்களாகி விருந்து மேசை போர்க்களமாகிறது. முடிவில் பூனை தோல்வியை ஒப்புக்கொள்கிறது. மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து, கண்களை மூடி நன்றி சொல்லிச் செபிக்கிறார்கள். செபம் முடிந்து பெரியவர்கள் இருவரும் கை நீட்டுவதற்குள் வான்கோழி முழுவதையும் நிபிள்ஸ் தின்று முடித்துவிட்டது! எலும்புக்கூடுதான் மிச்சம்.

அது என்ன விருந்து?

இந்தக் குழப்படி ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை விளங்க, அந்த விருந்தைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது நல்லது. நன்றி தெரிவிக்கும் நாள் என்பது அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை கொண்டாடப்படுகிறது. எமது வீடுகளில் பொங்கலும் நத்தாரும் ஹஜ்ஜுப் பெருநாளும் எப்படியோ, அங்கு குடும்பங்கள் கூடுவதற்கு அந்த நாள் அப்படி. வான்கோழியை வெட்டிப் பரிமாறுவது வீட்டுப் பெரியவரின் உரிமை. ஆண்டு முழுவதும் காத்திருந்து ஆயத்தம் செய்யும் சாப்பாடு அது.

அதன் தொடக்கக் கதையோ பசியின் கதை. 1620 இல் ‘மேஃபிளவர்’ என்ற கப்பலில் 102 பேர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கக் கரைக்குச் சென்றார்கள். முதற் குளிர்காலத்தில் நோயாலும் போதிய உணவின்மையாலும் அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் 1621 இல் கிடைத்த முதல் அறுவடையை, அந்த நிலத்தின் சொந்தக்காரரான வாம்பனோக் மக்களோடு சேர்ந்து உண்டு கொண்டாடினார்கள். பிற்காலத்தில் அந்தப் பூர்வீக மக்கள் தமது நிலங்களை இழந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களில் ஒரு பகுதியினர் 1970 முதல் அதே நாளைத் துக்க நாளாக அனுட்டித்து வருகிறார்கள். வீடிழந்து, நிலமிழந்து வாழ்ந்தவர்களாகிய எமக்கு இந்த இரண்டு பக்கமும் விளங்கும்.

படத்தில் ஜெரியும் நிபிள்ஸும் அந்த முதற் குடியேறிகளின் தொப்பியைத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆயினும் யோசித்துப் பாருங்கள். பசித்தவர்கள் நன்றி சொன்ன விருந்தில், உண்மையில் பசித்த ஒரு பிள்ளைக்குக் கதிரை போடப்படவில்லை. அது தானாக ஏறி வந்துதான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

தண்டனையில் முடிந்த பழைய கதைகள்

குழப்படிக்காரப் பிள்ளைகளின் கதைகள் எல்லாக் காலத்திலும் இப்படி முடிந்ததில்லை. 1865 இல் ஜேர்மனியில் வில்ஹெல்ம் புஷ் என்பவர் ‘மக்ஸும் மோரிட்ஸும்’ என்ற படக்கதையை வெளியிட்டார். இன்றைய சித்திரக்கதைகளுக்கு முன்னோடியாக அது சொல்லப்படுகிறது. இரண்டு பொடியன்கள் போல்ற்ற என்ற விதவைப் பெண்ணின் கோழிகளை முதலில் சாகடிக்கிறார்கள். அவள் அழுதழுது அவற்றைப் பொரிக்கும்போது, புகைக்கூட்டு வழியாகத் தூண்டில் போட்டு அந்தச் சாப்பாட்டையும் தூக்கிவிடுகிறார்கள். ஒன்றும் அறியாத அவளோ வீட்டு நாயைப் போட்டு அடிக்கிறாள்! கதையின் முடிவில் இரு பிள்ளைகளும் ஆலையில் அரைக்கப்பட்டு வாத்துகளுக்கு இரையாகிறார்கள். ஊரில் எவரும் கவலைப்படவில்லை.

அந்தக் கதையின் தாக்கத்தில் 1897 இல் அமெரிக்கப் பத்திரிகையில் ‘கட்சன்ஜம்மர் பிள்ளைகள்’ என்ற சித்திரக்கதை வரத் தொடங்கியது. அதன் ஹான்ஸும் ஃபிரிட்ஸும் செய்யும் குழப்படிகள் பெரும்பாலும் பிட்டத்தில் அடியோடு முடியும். 1951 இல் ஹாங்க் கெச்சம் படைத்த ‘குழப்படிக்கார டெனிஸ்’ என்ற சிறுவனுக்கோ மூலையில் போட்ட சிறு கதிரையில் இருப்பதுதான் தண்டனை. ஆலையில் அரைபட்ட பிள்ளை, 86 ஆண்டுகளில் மூலைக் கதிரைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்களின் மனம் மாறியதை இந்தச் சித்திரங்கள் காட்டுகின்றன என்றே நான் கருதுகிறேன்.

கடிதத்தை யார் வாசிக்கிறார்கள்?

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நிபிள்ஸ் ஒரு விருந்தையே நாசமாக்கியும் எமக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. காரணம், குழப்படியைக் காட்டுவதற்கு முன்பே படம் எமக்கு அந்தக் கடிதத்தைக் காட்டிவிடுகிறது. பிள்ளை அநாதை, அதற்கு எப்போதும் பசி, வளர்ப்பவரின் அலுமாரி வெறுமை என்பதெல்லாம் எமக்கு முன்கூட்டியே தெரியும். அதன்பின் அது தின்னும் ஒவ்வொரு வாயும் எமக்கு ஆறுதலாகவே இருக்கிறது. வாழ்க்கையில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. குழப்படிதான் முதலில் கண்ணில் படுகிறது. கடிதத்தை எவரும் வாசிப்பதில்லை.

2013 ஆம் ஆண்டு, நான் இந்த வேலையில் சேர்ந்த புதிது. வன்னியில் ஓர் அம்மம்மா, மகளின் பிள்ளையைத் தனியே வளர்த்து வந்தார். பையனுக்கு எட்டு வயது. அவனுடைய சின்னம்மாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, சுட்டு வைத்த வடையில் பாதியைக் காணவில்லை. பயற்றம் பணியாரமும் குறைந்திருந்தது. வந்தவர்களுக்கு முன்னால் வெறும் தட்டோடு நின்ற அம்மம்மாவுக்கு அவமானத்தில் உடம்பு நடுங்கியதாம். அவர்கள் போனபின் பையனுக்கு நல்ல அடி. இரண்டு நாள் கழித்துப் பாயைத் தட்டியபோது, வடைகள் ஒரு துணியில் சுற்றியபடி தலைமாட்டில் கிடந்தன. அவன் அவற்றைத் தின்னவில்லை, எடுத்து வைத்திருந்தான். 2009 இல் பங்கருக்குள் கஞ்சிக்கு அழுதபோது அவனுக்கு நான்கு வயது.

“தின்றிருந்தாலும் மனம் ஆறியிருக்கும் பிள்ளை, அவன் நாளைக்கென்று வைத்திருக்கிறான்” என்று அந்த அம்மம்மா என்னிடம் சொல்லி அழுதார். பசியை அனுபவித்த பிள்ளைகள் வயிறு நிறைந்த பிறகும் உணவை ஒளித்து வைப்பது பல நாடுகளிலும் அறியப்பட்ட விடயம். அதனைக் களவென்று பார்ப்பது தவறு. இந்தச் சாப்பாடு நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரச் சிறிது காலம் எடுக்கும். 2022 இல் நாடு கண்ட பொருளாதார நெருக்கடியின்போதும் பல வீடுகளில் சாப்பாட்டு நேரங்கள் குறைந்தன. ஆகையால் இது போர்க்காலத்துப் பிள்ளைகளோடு முடிந்துபோன கதையென்று நாம் இருந்துவிட முடியாது.

தாயின் பக்கமும் நியாயம் உண்டு

அதற்காக அடித்த கையை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. கணவன் உள்ள வீட்டில் பிள்ளை தேநீரைக் கொட்டினால் ‘சுட்டிப் பிள்ளை’ என்பார்கள். பெண் தலைமை தாங்கும் வீட்டில் அதே பிள்ளை கொட்டினால் ‘தகப்பன் இல்லாத வளர்ப்பு’ என்பார்கள். வருகின்ற விருந்தாளி வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எழுதும் அதிகாரியாகவோ, மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவராகவோ இருந்தால், அந்தத் தேநீரோடு குடும்பத்தின் எதிர்காலமே கொட்டிவிட்டது போல் தாய்க்குத் தோன்றும். அவளது பயம் உண்மையானது. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமான சமூகத்தை அவளால் அடிக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையைத்தான் அடிக்க முடிகிறது. விதவை போல்ற்ற நாயை அடித்ததும் இப்படித்தான்.

இந்த இடத்தில் ஜெரியைப் பாருங்கள். அதுவும் ஒன்றுமில்லாத வீட்டில் இன்னொருவரின் பிள்ளையை ஏற்றுக்கொண்டது. எமது ஊர்களில் பெறாமக்களையும் பேரப்பிள்ளைகளையும் வளர்க்கும் பெரியம்மாக்கள், சித்திமார், அம்மம்மாக்களைப் போன்றது. நிபிள்ஸ் செய்த அத்தனை குழப்படிக்கும் நடுவில் ஜெரி அதனைக் காப்பாற்றுகிறதே தவிர, ஏன் இங்கு வந்தாய் என்று ஒருதரமும் கேட்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. விருந்தாளிகளுக்குப் பரிமாறுவதற்கு முன் பிள்ளைகளுக்குரிய பங்கை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்பதைப் பிள்ளைக்கு விளங்கும் விதமாக முன்கூட்டியே சொல்லுங்கள். தண்ணீர்ச் செம்பு கொண்டு வருவது, பாய் விரிப்பது போன்ற ஒரு வேலையை ஒப்படையுங்கள்; பொறுப்புள்ள பிள்ளைக்குக் குழப்படிக்கு நேரம் குறைவு. அப்படியும் ஏதேனும் நடந்துவிட்டால் சபையில் வைத்து அடிக்காதீர்கள். பிறகு தனியே இருத்தி, என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இன்னுமொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கார்ட்டூன்களில் குண்டு வெடித்தால் பூனையின் முகம் கரியாகும், அடுத்த கணம் அது எழுந்து ஓடும். நிபிள்ஸின் குழப்படியைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை இதையும் சேர்த்தே பார்க்கிறது. எமது மண்ணில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. எனவே பிள்ளைகளோடு அமர்ந்து படம் பார்க்கும்போது, மெய்யான வெடிபொருள் அப்படியல்ல, அறியாத எதையும் தொடக்கூடாது, கண்டால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். சிரிப்போடு சொன்னது அவர்கள் மனதில் நிற்கும்.

சகோதரிகளே, எமது பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு கடிதம் இருக்கிறது. சிலரிடம் பசி என்று எழுதியிருக்கும். சிலரிடம் பயம் என்றோ, என்னையும் கொஞ்சம் பாருங்கள் என்றோ எழுதியிருக்கும். சிலரிடம் வெறும் விளையாட்டென்று மட்டுமே இருக்கும். அதுவும் நல்ல செய்திதான். கம்பைத் தேடுவதற்கு முன் அதனை ஒருதரம் வாசித்துப் பார்ப்போம். கொட்டிய தேநீரைத் துடைத்துவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுக்க எம்மால் முடியும்.