அயோடின் சொல்வதும் சொல்லாததும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்

பச்சை இலை கதிரவன் ஒளியில் தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதனைக் கண்ணால் காண உதவுவது மாவுப்பொருள் சோதனை. அயோடின் மாவுப்பொருளை நீலமாக்கும் என்பது 1814-இல் அறியப்பட்டது. ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் 1860-களில் இதனை இலையில் கையாண்டு, ஒளி பட்ட பகுதியில் மாவுப்பொருள் உண்டாவதைக் காட்டினார்.

சோதனையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. வெயிலில் நின்ற செம்பருத்தியின் இலையைப் பிற்பகலில் பறித்து, முதலில் கொதிநீரில் இடுகிறோம். செல் சவ்வுகள் சிதைந்து, கரைசல்கள் உட்புக வழி ஏற்படுகிறது. பின்னர் ஆல்கஹாலில் இட்டால் பச்சையம் கரைந்து இலை வெளிறுகிறது. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், எளிதில் தீப்பற்றும். ஆகவே அதனை நேரே சுடரில் காட்டாமல், வெந்நீருள்ள பீக்கரில் சோதனைக் குழாயை வைத்தே சூடாக்க வேண்டும். விறைத்துப்போன இலையை வெந்நீரில் நனைத்து மென்மையாக்கி, அயோடின் கரைசலை ஊற்றினால் கருநீலம் தோன்றும்.

இலைகளின் இயல்புகளும் இதில் விளங்கும். வெண்மை கலந்த மணி பிளாண்ட் இலையில் பச்சைப் பகுதி மட்டுமே நீலமாகும். வெண்பகுதியில் பச்சையம் இல்லை. சிவப்புத் தண்டுக்கீரையை வேகவைத்தால் நீர் சிவக்கும். இலையில் மறைந்திருந்த பச்சை வெளிப்படும்.

செம்பருத்தியோடு வெங்காயத் தாளையும் நான் சோதித்துப் பார்த்தேன். கருநீலம் தோன்றவில்லை, அயோடினின் பழுப்பு நிறமே எஞ்சியது. அப்படியானால் வெங்காயத் தாளில் ஒளிச்சேர்க்கை நடைபெறவில்லையா? நடைபெறுகிறது. ஆனால் வெங்காயம் தன் உணவை மாவுப்பொருளாக அன்றிச் சர்க்கரைகளாகவே இலையில் வைத்திருக்கிறது. தாளை அரைத்த சாற்றுடன் பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் நிறம் மாறி, அங்கே சர்க்கரை இருப்பதைக் காட்டிவிடும்.

அயோடின் ஒரு கேள்விக்கே விடை சொல்கிறது: ‘இங்கே மாவுப்பொருள் உண்டா?’ இலை உணவு தயாரித்ததா என்பது வேறு கேள்வி. மதிப்பெண் குறையுமோ என்றஞ்சி, தோன்றாத நிறத்தைத் தோன்றியதாக ரெக்கார்டு நோட்டில் எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. கண்டதைக் கண்டபடி எழுதினால்தான் ‘ஏன்?’ என்ற அடுத்த கேள்வி பிறக்கும். ஆசிரியப் பெருமக்களும் அத்தகைய ரெக்கார்டுகளை வரவேற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.